கருந்திருக்கை யார்?

குறிஞ்சிப்பிட்டி
2012 மார்ச் 11

என் அன்புப் பரீனாவுக்கு,

இந்த நேரத்தில் எழுதத் தொடங்கியதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. எழுத்துக் கோணலாய் இருந்தால் விளக்கைக் குறை சொல்லு, என்னைச் சொல்லாதே. பிள்ளை மதுசா உறங்கிய பிறகுதான் எனக்கு இரண்டு கையும் மிஞ்சுகிறது.

நீயும் அத்தாஉல்லா அண்ணனும் சுகமா? சொந்த ஊருக்குத் திரும்பி இரண்டு வருசமாகியும் குசினிக்கு இன்னும் கூரை போடவில்லை என்று எழுதியிருந்தாய். மழைக்கு முன்னம் போட்டுவிடுங்கள்.

எங்களுக்குப் போன கிழமை சரியில்லை. பிள்ளைக்கு நூற்று மூன்று காய்ச்சல். றொபின்சன் கடலில். நான் பக்கத்தில் இருந்து அவளின் மூச்சை எண்ணத் தொடங்கினேன். ஏன் எண்ணினேன் என்று கேட்காதே, எண்ணுவதை விட்டால் அதுவும் நின்றுவிடும் போல இருந்தது. நூறைத் தாண்டியதும் கணக்குக் குழம்பியது. அதனால் நெருப்புப்பெட்டியைக் கொட்டி, பத்து மூச்சுக்கு ஒரு குச்சியாய், யன்னல் கட்டையின் இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தினேன். எல்லாம் வலப்பக்கம் போனதும் திரும்ப இடப்பக்கம். விடியும்வரை எத்தனை தரம் போய் வந்தது என்று தெரியாது. காலையில் காய்ச்சல் விட்டது. இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமிக்குச் சொன்னால் "படிச்ச பிள்ளையெண்டு கட்டி வெச்சம்" என்று தொடங்குவா. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

அது கிடக்கட்டும். இத்துடன் 'சித்திரத்தேர்' படக்கதைப் புத்தகத்தின் பதினாலாம் இதழ் வருகிறது. பாலாவிச் சந்தியில் பஸ் நிற்கிற ஐந்து நிமிசத்துக்குள் ஓடிப்போய் வாங்கினேன். கடைக்காரர் தூரத்திலேயே கண்டுவிட்டு, "மிஸ், உங்கட கள்ளன் வந்திட்டான்" என்று நீட்டினார். வழமைபோல வாசித்துவிட்டுத் திருப்பி அனுப்பு. பதின்மூன்று இதழும் அலுமாரியில் என் கூறைச்சேலைக்கு அடியில் பத்திரமாய் இருக்கின்றன.

பரீனா, இந்த முறை ஆறாம் பக்கத்தை மெதுவாய்த் திருப்பு. கப்பலைப் பாறையில் ஏற்றக் கலங்கரை விளக்கை அணைத்துவிட்டு, நம் முகமூடிக் கள்ளன் கருந்திருக்கை கடலுக்குள் இறங்குகிற இடம். இந்த அலைமகன் என்கிற மனிசன் கடலை வரைவதே இல்லை, கவனித்தாயா? தாளை வெறுமையாய் விட்டுவிடுகிறார். அந்த வெள்ளைக்குள் முகமூடி போட்ட ஒரு தலை, பின்னால் திருக்கை வால் போல ஒரு சாட்டை. அவ்வளவுதான். எனக்குக் காலடியில் தண்ணீர் குளிர்ந்தது. ஒன்றும் வரையாமல் ஒரு கடலை எப்படி உண்டாக்குவது? எந்த ஊர் ஆம்பிளையோ, கப்பலில் வேலை செய்து நரைத்த ஆளாய் இருக்க வேண்டும்.

வாசகர் மேடையில் எல்லாரும் கதையில் வருகிற டொக்டரைத்தான் சொல்கிறார்கள். கருந்திருக்கை காலை இழுத்து நடக்கிறான், டொக்டருக்கும் ஒரு கால் ஊனம், ஆகவே முகமூடிக்குள் இருப்பது டொக்டர். நானும் அப்படித்தான் நினைத்தேன். றொபின்சன் வலை பொத்திக்கொண்டிருந்தவர், எட்டிப் பார்த்தார்.

"இவனா நொண்டி?"

"ஓம். எல்லாரும் அப்பிடித்தான் எழுதியிருக்காங்க."

"தரையில ஒழுங்கா நடக்கிறானே. தண்ணிக்க மட்டும்தானே இழுக்கிறான். திருக்கைய மிதிக்காம இருக்க அப்பிடித்தான்டி நடக்கணும், கால் தூக்கக்கூடாது. இந்தக் கடிதம் எழுதினவன் ஒருத்தனும் களப்புல இறங்கினதில்ல போல."

படப்புத்தகம் என்றால் சிரிக்கிற மனிசன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்! மீன்காரனைக் கட்டினதில் இப்படியும் ஒரு லாபம். ஆகவே டொக்டர் இல்லை. களப்புச் சேற்றுத் தண்ணீருக்குள் நடந்து வளர்ந்த யாரோ. நீ என்ன நினைக்கிறாய்?

உன் அன்பு
டிலுக்ஷி


சிலாவத்துறை
2012 மார்ச் 27

அன்பு டிலு,

உனக்கும் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். மதுசாவுக்குச் சுகமென்று வாசித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

நீ குச்சி நகர்த்தியதை வாசித்துவிட்டு அன்றைக்குச் சோறாக்கவே மறந்துபோனேன். பெட்டியில் எத்தனை குச்சி இருந்தது? யன்னலுக்கு வெளியில் என்ன தெரிந்தது? எழுது. கேட்கிறேன் என்று கோபிக்காதே, அந்த யன்னலிலேயே என் நினைவு நிற்கிறது.

ஏன் போன் எடுப்பதில்லை என்று உன் தம்பி டிலக்‌ஷன் கேட்டானாம். இங்கே சிக்னல் வேண்டுமென்றால் கிணற்றுக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். அதில் நின்று முகமூடிக் கள்ளனைப் பற்றிக் கதைத்தால் ஊர் எனக்கு ஓதிப்பார்க்க ஆள் கூட்டிவரும். கடிதமே நல்லது.

கருந்திருக்கை டொக்டர்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மச்சானுக்குச் சொல், வலையைப் பார்த்துப் பொத்தட்டும் என்று. அலைமகன் எந்த ஊரோ, எனக்கென்ன தெரியும். ஆனால் கடலை வரையாமல் விட்டதைப் பற்றி நீ எழுதிய இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். அவருக்கு யாரும் அதைச் சொன்னால் சந்தோசப்படுவார்.

இதழ் இத்துடன் வருகிறது. துஆவில் உங்களை மறப்பதில்லை.

உன்
பரீனா


குறிஞ்சிப்பிட்டி
2012 மே 20

என் அன்புப் பரீனா,

முதலில் உன் கேள்விக்குப் பதில். குச்சி நாற்பத்திரண்டு. யன்னலுக்கு வெளியில் மாமியின் முருங்கை, அதற்கங்கால் புதுக் காற்றாலை ஒன்றின் சிவப்பு விளக்கு. இதையெல்லாம் வைத்து என்ன செய்யப் போகிறாயோ!

இப்போது நான் சொல்வதை இருந்துகொண்டு வாசி. நின்றுகொண்டு வாசிக்காதே.

கண்டுபிடித்துவிட்டேன்.

பதினாறாம் இதழில் கருந்திருக்கை நீருக்குள் நிற்கும்போது வாயில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு சின்னப் பை. வாசகர் மேடையில் அட்டன் ஊர்ப் பொடியன் ஒருவன் "அது விஷப் பை, பிடிபட்டால் கடித்துச் சாவான்" என்று எழுதியிருக்கிறான். பரீனா, அது விஷமா? உனக்கும் எனக்கும் தெரியாதா அது என்னவென்று? உயர்தரம் படிக்கையில் லீவுக்குக் கரைத்தீவில் நீங்கள் இடம்பெயர்ந்து இருந்த வீட்டுக்கு வந்தபோது உங்கட உம்மா எங்களைக் களப்புக்குக் கூட்டிப்போனாவே. இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்க வேண்டும், ஓலைப்பை கழுத்துக்குக் கீழே மிதக்கும், அதன் கயிறு பல்லில். நான் என்னவோ சொல்ல வாயைத் திறந்து, அரை மணித்தியாலத்து இறாலையும் களப்புக்கே திருப்பிக் கொடுத்தேன். "கதைக்கிற வாய்க்கு இறாலில்ல மகள்" என்று உம்மா சிரித்த சிரிப்பு!

கையால் இறால் தடவுவது யார்? நான் கண்டவரைக்கும் ஆம்பிளைகள் இல்லை. வலையும் தோணியும் இல்லாத பொம்பிளைகள்.

இதை நினைத்ததும் அலுமாரியைத் திறந்து பதினாறு இதழையும் நிலத்தில் பரப்பினேன். கதையில் பொம்பிளை யார் இருக்கிறா? ஒருத்திதான். கலங்கரை விளக்க அலுவலகத்துக்குத் தேத்தண்ணி கொண்டுவருகிற பொன்னம்மா. ஒவ்வொரு இதழிலும் ஒரு மூலையில் ஒரு கை, ஒரு தட்டு, இரண்டு கோப்பை. பரீனா, பதினாறு இதழில் ஒரு தடவைகூட அவளின் முகம் வரையப்படவில்லை! கதவு மறைக்கிறது, ஆரோ ஒருவரின் தோள் மறைக்கிறது, படச் சட்டத்தின் விளிம்பு கழுத்தோடு வெட்டுகிறது. கருந்திருக்கையின் முகத்தைத்தான் எல்லாரும் தேடினோம். முகமே இல்லாமல் ஒருத்தி எங்கள் முன்னால் ஒன்றரை வருசமாய்த் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள். கப்பல் வரும் நேரத்தை அதிகாரி சொல்லும்போதெல்லாம் அவள் அந்த அறைக்குள் இருக்கிறாள். தேத்தண்ணி கொண்டுவருகிறவளுக்காக யார் குரலைக் குறைப்பார்?

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. தேவாலயத்தில் எல்லா மெழுகுதிரியும் ஒன்றாய் எரியும்போது வருமே, அந்த மாதிரி. இவ்வளவு பொறுமையாய் ஒரு மனிசனால் ஒளிக்க முடியுமா? முழந்தாளில் இருந்து கும்பிடத் தோன்றியது, பகிடி இல்லை.

வாசகர் மேடைக்கு எழுதப் போகிறேன். இலங்கை முழுக்கத் தெரியட்டும், களப்புப் பக்கத்தில் ஒருத்தி கண்டுபிடித்தாள் என்று.

இதழ் இத்துடன். மன்னித்துக்கொள், மதுசா மருந்துப் பாணிப்போத்தலைக் கவிழ்த்துவிட்டாள், பதினாலாம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் நல்லாய் ஒட்டிக்கொண்டன. நான் முதலே வாசித்துவிட்டேன். நீ கேத்தில் ஆவியில் காட்டிப் பிரித்து வாசி. பதினைந்தாம் பக்கத்தில் டொக்டர் வருகிறார்.

அன்புடன்
டிலுக்ஷி


சிலாவத்துறை
2012 ஜூன் 9

அன்பு டிலு,

எல்லாரும் சுகம். கூரை போட்டாயிற்று.

வாசகர் மேடைக்கு எழுதாதே.

நீ நினைப்பது பிழை என்பதற்காகத்தான் சொல்கிறேன். பிறகு உன்னைத்தான் சிரிப்பார்கள். தேத்தண்ணி கொண்டுவருகிறவள் தேத்தண்ணி கொண்டுவருகிறவள்தான். மூலையில் இடம் மிஞ்சினால் ஒரு கையை வரைந்து நிரப்புவார்கள், அதில் என்ன இருக்கிறது? டொக்டரை மறுபடி பார். பதினைந்தாம் பக்கத்தில் அவரின் ஊன்றுகோலின் அடியில் ஈரச்சேறு ஒட்டியிருக்கிறது. மழையில்லாத நாளில் சேறு எங்கிருந்து வந்தது? அதை விட்டுவிட்டுத் தட்டையும் கோப்பையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

உண்மையாகவே உன் எண்ணம் சரியென்று வைத்துக்கொண்டாலும், ஒரு மனிசன் எத்தனை இராப் பகலாய்க் கட்டி வைத்ததை முடிவுக்கு முதல் அவிழ்த்துப் போடுவது நல்லதா? சமைத்து முடிக்க முன்னம் சட்டியைத் திறந்து ஊருக்குக் காட்டுகிற மாதிரி.

கோபத்தில் எழுதவில்லை. இதை மட்டும் எனக்காகக் கேள்.

பரீனா


குறிஞ்சிப்பிட்டி
2012 ஜூலை 15

அன்புப் பரீனா,

பதினெட்டாம் இதழை அனுப்புகிறேன். வாசகர் மேடையைத் திற. முதல் கடிதம், பெட்டி கட்டி: "கருந்திருக்கை ஓர் ஆண் அல்ல! – திருமதி டிலுக்ஷி றொபின்சன், குறிஞ்சிப்பிட்டி." திருக்கை நடை, ஓலைப்பை, முகமில்லாத பொன்னம்மா, எல்லாம் ஒரு வரி வெட்டாமல் போட்டிருக்கிறார்கள்.

உனக்கு எழுதின மறுநாளே அனுப்பிவிட்டேன். உன் கடிதம் வருவதற்குள் அது போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை பிறந்த பிறகு என் பெயரை ஒருவரும் எழுதியதில்லை பரீனா. கிளினிக் கார்ட்டில்கூட 'தாய்' என்றுதான் இருக்கிறது. டிலக்‌ஷன் சிலாபத்தில் கூட்டாளிமாருக்கெல்லாம் காட்டினானாம். "அக்கா, நீ சிஐடியில சேர்ந்திருக்கணும்" என்கிறான். மாமி மாக்கிறட்கூடக் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "உன்ட பேரத் தெளிவாப் போட்டிருக்கான்" என்றா. அவ்வளவு போதும்.

நீ மட்டும் ஒரு நல்ல வார்த்தை எழுதவில்லை. படிக்கிற நாளில் இருந்து என் எல்லாக் கட்டுரையையும் முதலில் வாசித்தவள் நீதான். பிழை பிழை என்று ஏன் அப்படிக் குதித்தாய் என்று விளங்கவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாமல் எழுது.

டிலுக்ஷி


குறிஞ்சிப்பிட்டி
2012 ஆகஸ்ட் 22

அன்புப் பரீனா,

உனக்கும் அத்தாஉல்லா அண்ணனுக்கும் பெருநாள் வாழ்த்துகள். நோன்பில் களைத்திருப்பாய், அதனால்தான் எழுதவில்லை என்று மனதைத் தேற்றினேன். தலவில் தேவாலயத் திருநாளுக்குப் போய் உன் பெயருக்கும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

பதினெட்டாம் இதழ் வந்து சேர்ந்தது. உறைக்குள் "கிடைத்தது. பரீனா" என்று ஒரு துண்டு. பதினாறு வருசத்துக் கூட்டுக்கு இரண்டு சொல்லா?

பத்தொன்பதாம் இதழ் இத்துடன். அதில் பொன்னம்மா வரவே இல்லை. முதல் தடவையாய். மூலை வெறுமையாய் இருந்தது. ஏனோ எனக்குப் பயமாய் இருந்தது.

டிலுக்ஷி


குறிஞ்சிப்பிட்டி
2012 செப்ரெம்பர் 23

என் பரீனா,

இருபதாம் இதழை இம்முறை அனுப்பவில்லை. உனக்கு அது தேவையில்லை என்று இப்போது தெரியும்.

நேற்றுப் பின்னேரம் பாலாவியில் வாங்கி, பஸ்ஸிலேயே திறந்தேன். அதிகாரியின் குழந்தையைக் கருந்திருக்கை குகைக்குத் தூக்கிப் போகிறது. குழந்தைக்குக் காய்ச்சல். சாட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அத்தனை கப்பலைப் பாறையில் ஏற்றிய அந்தக் கை, ஒரு நெருப்புப்பெட்டியைக் கொட்டுகிறது. கல்லில் குச்சிகளை அடுக்குகிறது. இடமிருந்து வலம். ஒரு பக்கம் முழுக்க ஒரு சொல்லும் இல்லை, குச்சிகள் மட்டும் நகர்கின்றன. தூரத்தில் ஒரே ஒரு விளக்கு. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி, "ஏன் மகள் அழுறீங்க?" என்று கேட்டா. இறங்க வேண்டிய இடம் தாண்டிப்போய்விட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று கட்டை தூரம் திரும்பி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து நீ திருப்பி அனுப்பிய பதினாறாம் இதழை எடுத்தேன். பதினாலாம் பக்கமும் பதினைந்தாம் பக்கமும் இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன. பாணி கல்லாய்க் காய்ந்துவிட்டது, ஒரு மூலைகூடப் பிரியவில்லை. அப்படியென்றால் ஊன்றுகோலில் சேறு இருந்தது உனக்கு எப்படித் தெரியும்? நீ அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டிய தேவை உனக்கு இல்லை. நான் மாதாமாதம் புத்தகம் அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ காத்துக்கொண்டிருந்தது புத்தகத்துக்கு இல்லை, அதோடு வந்த கடிதத்துக்கு.

முதலில் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இருபது மாதம் என்னைக் கதைக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாயே என்று. நரைத்த கப்பற்காரன் என்று நான் எழுதினதை வாசித்து எப்படிச் சிரித்திருப்பாய்! பிறகு பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டு யோசித்தேன். நீதான் என்று தெரிந்திருந்தால் நான் கடலைப் பார்த்திருக்க மாட்டேன், உன்னைத்தான் பார்த்திருப்பேன். "நல்லாயிருக்கு பரீனா" என்று எழுதியிருப்பேன், தாயாருக்குப் பிள்ளை எழுதுகிற மாதிரி. என் காலடியில் தண்ணீர் குளிர்ந்தது என்று எழுதியிருக்க மாட்டேன். அது உனக்குத் தேவைப்பட்டது. விளங்குகிறது.

இன்னும் நம்ப முடியவில்லை. கூரை இல்லாத குசினியில் இருந்தா அந்தக் கடலை உண்டாக்கினாய்? சோறு கொதிக்கிற நேரத்திலா? எந்தக் கதிரையில், எந்த மேசையில்? இந்தக் கையைப் பிடித்துக்கொண்டா நான் களப்புக்குள் இறங்கினேன்? உன்னோடு ஒரு பாயில் படுத்து, ஒரு பாணைப் பிய்த்துத் தின்று, உன்னை முழுக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இப்போது உன் பெயரை ஒவ்வோர் எழுத்தாய்ப் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

இனி நான் செய்த பிழை. இருபதாம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் குறிப்பு: "வாசகர் ஒருவர் முடிவை ஊகித்துவிட்டதாகக் கருதும் ஓவியர் அலைமகன், கருந்திருக்கையை இத்துடன் நிறுத்திக்கொள்ள விரும்புகிறார். அவருடன் பேசி வருகிறோம்." அந்த வாசகர் நான். அன்றைக்கும் வாயைத் திறந்தேன், இறால் எல்லாம் போனது. உம்மா சொன்னது இவ்வளவு காலத்துக்குப் பிறகுதான் எனக்குப் பிடிபடுகிறது.

அதனால் ஒன்று செய்தேன். இன்று காலை ஆசிரியருக்கு இன்னொரு கடிதம் அனுப்பிவிட்டேன். "நான் எழுதியது முழுப் பிழை. ஓலைப்பையில் ஆண்களும் இறால் பிடிப்பார்கள் என்று என் கணவர் காட்டித்தந்தார். டொக்டர் களப்பங்கரையில் வளர்ந்தவர் என்பதற்கு ஊன்றுகோல் சேறே சாட்சி. அவசரப்பட்டுப் பெரிய கெட்டிக்காரி போல எழுதியதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். கருந்திருக்கை டொக்டரேதான்." அடியில் முழுப் பெயர், ஊர், பயிற்றப்பட்ட ஆசிரியை என்பதும்.

தபாலில் போடுமுன் றொபின்சனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவரையும் பொய்யில் இழுத்துவிட்டேனே. யாருக்காக என்று சொல்லவில்லை. தாளை வாங்கி வாசித்தார்.

"ஆம்பிளயள் ஓலப்பையில இறால் பிடிக்கிறதா? என்ட பேரச் சொல்லியா எழுதியிருக்க? கரையில தல காட்ட ஏலாதுடி."

"ஒரு ஆளுக்காக."

தாளைத் திருப்பித் தந்தார். "அப்பெண்டா 'பாட்டன் காலத்துல இருந்து' எண்டும் சேத்து எழுது. பொய் சொன்னா நம்புற மாதிரிச் சொல்லணும்" என்றார். சேர்த்து எழுதினேன்.

அடுத்த மாதம் அது அச்சில் வரும். டிலக்‌ஷன் சிரிப்பான், பாலாவிக் கடைக்காரர் சிரிப்பார், மாமி கண்ணாடியைக் கழற்றி வைப்பா. சிரிக்கட்டும். அந்த அட்டன் பொடியனுக்கு நல்ல சந்தோசமாய் இருக்கும்.

நீ நிறுத்தாதே. பொன்னம்மாவைத் திரும்ப மூலைக்குக் கூட்டிவா, தட்டோடும் கோப்பையோடும். எல்லாரும் டொக்டரையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். நேரம் வரும்போது அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பட்டும். அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாய் ஊகிக்கவும் இல்லை.

நீ ஓமென்றும் எழுத வேண்டாம், இல்லையென்றும் எழுத வேண்டாம். வழமைபோலக் கருந்திருக்கை டொக்டர்தான் என்று எழுது, நானும் ஓமென்று எழுதுகிறேன். இந்த முறை கயிற்றைப் பல்லில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

மதுசா இப்போது ஓடுகிறாள். எங்கள் முற்றத்து வெள்ளத்தில் காலைத் தூக்காமல் உரசி நடக்கப் பழக்கியிருக்கிறேன்.

கெதியாய்ப் பதில் போடு.

உன்
டிலுக்ஷி